ஓ பாசிட்டிவ் அண்ணா

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேஜிஎப் என்கிற கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் அவருக்குத் தெரிந்தவர்கள் ஐம்பது அறுபது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரையும் ரத்த குரூப்பை வைத்துத்தான் கூப்பிடுவார். "ஏ பாசிட்டிவ், கொஞ்சம் தள்ளி நில்லுப்பா." "பி நெகட்டிவ், உங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சா?" "பெரிய ஓ வந்திருக்குது, சின்ன ஓ எங்க?" இப்படிப் பேசிக்கொண்டே பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். புதிதாக ஏறியவர்கள் இந்த ஆளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுகிறவள். அவர் அடுத்த ஸ்டேஷனான கோரமண்டலில் ஏறுவார். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றார். "இன்னா குரூப்மா நீ?" முன்பின் தெரியாத மனுஷன் கேட்கிற கேள்வியா இது? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. நான் நல்லாத்தான் இருக்கறேன். ஊர்ல யாருக்குனா வேணும்னா கேக்கணுமில்ல."

சொன்னால் போய்த் தொலைவார் என்று சொன்னேன். ஏபி நெகட்டிவ். "நம்ம வண்டியில இந்த குரூப்பே இல்லாம இருந்துதுப்பா" என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார். பங்காருபேட்டை வருவதற்குள் என் போன் நம்பர் அவர் சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் ஏறிவிட்டது. எப்படிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து நான் ஏபி. அவர் எல்லோருக்கும் ஓ பாசிட்டிவ் அண்ணா.

அவரால் சும்மா இருக்க முடியாது. அதைக் குணம் என்பதா வியாதி என்பதா, எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ரயிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இடம் காலியாக இருந்தாலும் நிற்பார். டிபனை நின்றுகொண்டே சாப்பிடுவார். அதையும் முழுதாகச் சாப்பிட மாட்டார், பாதியில் யாராவது பசி என்று சொன்னால் டப்பா கைமாறிவிடும். யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் முடிக்க விட மாட்டார். பாதி கேட்கும்போதே போனை எடுத்து யாருக்கோ அடிக்கத் தொடங்கிவிடுவார். "கேட்டுனு சும்மா நிக்க சொல்றியா?" என்பார்.

ஒரு நாள் ரயில் பங்காருபேட்டையில் நிற்கும்போது போன் வந்தது. கோலாரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு, பி பாசிட்டிவ் நாலு பேர் வேண்டும். வண்டி கிளம்புவதற்குள் நாலு பேரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அதில் ஒருவன் பாவம், அன்றைக்குத்தான் இண்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பைல். "அண்ணா, இன்னிக்கி விட்டா போச்சுண்ணா" என்று கெஞ்சினான். "வேல நாளைக்கும் இருக்கும்பா. அந்தப் பொண்ணு இருக்குமா?" என்றார் இவர். அந்தப் பெண் பிழைத்தாள். பையனுக்கு அந்த வேலை போயிற்று. மூன்று மாதம் அலைந்து அவனை, தான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு இவர் மேல் மரியாதை வந்ததா, பயம் வந்ததா என்று கேட்டால் பயம்தான்.

"ரத்தம் மூணு மாசத்துல மறுபடி ஊறிடும். ஊறாதத கேட்டா யோசி" என்பார். இதை அவர் நாளைக்கு நாலு முறை சொல்வார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பதற்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. அவர் அப்பா தங்க மைனுக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கட்டுகிறவர். "கீழ பாறை வெடிச்சி ஆள் மாட்டிச்சின்னா, ஷிப்ட் முடிஞ்சி கேஜ்ல மேல வந்தவங்க வூட்டுக்குப் போவ மாட்டாங்க. அந்த அழுக்கோட நேரா ஆஸ்பத்திரி வாசல்ல போயி, கைய மடிச்சி விட்டுனு வரிசையில நிப்பாங்க. அடிபட்டவன் யாருன்னு கூட கேக்க மாட்டாங்க." அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஹார்லிக்ஸோ ஆப்பிளோ வாங்கிக்கொண்டு போவது இரண்டாவது. கையை மடித்துவிட்டுக்கொண்டு போவது முதலாவது. டாக்டர் கேட்டாரா, கேட்கவில்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. ரத்தம் நல்லது, கொடுத்தால் தெம்பு வரும். அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணியும் ஓ பாசிட்டிவ். "எங்களுக்குப் பாத்த ஒரே பொருத்தம் அதாம்மா" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார். இரண்டாவது பெண் பிறந்தபோது அண்ணிக்கு நிறைய ரத்தம் போய்விட்டது. இவர் பக்கத்திலேயே படுத்துத் தன் ரத்தத்தைக் கொடுத்தார். அதற்கப்புறம் இருபது வருஷமாக, சர்ச்சில், கல்யாண வீட்டில், ரயிலில், எங்கே யார் கிடைத்தாலும் அந்தக் கதைதான். "இவ ஒடம்புல ஓடறது என்னோட ரத்தம்பா." அண்ணிக்கு வெட்கமாக இருக்கும். "ஆமாம், அத்தனாலதான் எனக்கும் எங்கயும் நிலையா உக்கார முடியல" என்பார். அண்ணி சாதுவான பெண் இல்லை. அவரைக் கிண்டல் செய்ய உரிமை உள்ள ஒரே ஆள் அண்ணிதான்.

இனி நான் என் வேலையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. உறுப்பு மாற்று ஆபரேஷனுக்கு முன்னால், கொடுக்கிறவருடைய உறுப்பை வாங்குகிறவருடைய உடம்பு ஏற்குமா, உதறுமா என்று சோதித்துச் சொல்லும் லேப் எங்களுடையது. ஜனங்கள் குரூப் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். வெள்ளை அணுக்களின் மேல் ஆளாளுக்கு வேறு வேறு அடையாளங்கள் இருக்கின்றன. அடுத்தவர் ரத்தம் உள்ளே ஏறினாலும், வயிற்றில் அப்பனின் அடையாளத்தோடு பிள்ளை வளர்ந்தாலும், உடம்பு அந்த அந்நிய அடையாளத்தைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை அதே அடையாளத்தோடு ஓர் உறுப்பு வந்தால் விரட்டி அடிக்கும். இப்படி உஷாராகிவிட்ட உடம்புக்கு நுரையீரல் தேடுவது இருக்கிறதே, அந்தக் கொடுமையை என் எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

அண்ணியின் நுரையீரல் இறுகிக்கொண்டே வந்தது. இரண்டு வருஷமாக மாடிப்படி ஏற முடியாது, துணி பிழிய முடியாது. எங்கள் ஊரில் மூச்சு வாங்கினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மைன் தூசு, மைன் கழிவைக் கொட்டி வைத்த டம்ப் மண் என்று ஏதாவது ஒரு காரணம் கையில் இருக்கும். அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. பக்கத்திலிருந்த சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று அங்கே ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொல்லிவிட்டார். போதாதா? ஒரு மணி நேரத்தில் இவர் ஆறு பேரோடு நின்றார். ஏற்றியே ஆக வேண்டும் என்று டாக்டரை விடவில்லை. மூன்று பாட்டில் ஏறியது. முதல் பாட்டில் இவருடையது. வெள்ளை அணுவை வடிகட்டுகிற வசதியெல்லாம் அங்கே கிடையாது. "என்னுத ஏத்தினதும் மூஞ்சி தெளிஞ்சிடுச்சி ஏபி" என்று மறுநாள் ரயிலில் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். லேபில் இருக்கிற எனக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை. ஆனால் அப்போது அண்ணிக்கு நுரையீரல் மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டரை மாதம் கழித்து அண்ணி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நுரையீரல் கைவிட்டுவிட்டது. ரத்தத்தைக் கழுத்து வழியாக வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, மறுபடி உள்ளே அனுப்புகிற மெஷினில் வைத்தார்கள். அண்ணி விழித்துத்தான் இருந்தார். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாது, சிலேட்டில் எழுதுவார். மூளைச்சாவு அடைந்த யாருடைய நுரையீரலாவது வந்தால் பிழைப்பார். வராவிட்டால் அந்த மெஷினிலேயே எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளுக்கு நாள் கிருமி, ரத்தக்கசிவு, ரத்தக்கட்டி என்று ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஐந்தாவது மாடியில் நடந்தார். அப்பாவிடம் கேட்ட மைன் பாஷையில் அதை ஐந்தாவது லெவல் என்பார், லிப்டைக் கேஜ் என்பார். ஐசியூ கண்ணாடிக்கும் லிப்டுக்கும் இடையில் எத்தனை அடி என்று அளந்து வைத்திருந்தார். நான் மதியம் சாம்பிள் எடுக்கப் போகும்போதெல்லாம் செக்யூரிட்டி என்னிடம் புகார் சொல்வான். "மேடம், உங்க ஊர்க்காரரைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க, எனக்குத் தலை சுத்துது."

மூன்றாம் நாள் காலையில் ஒரு டெம்போ வந்து நின்றது. கோரமண்டலிலிருந்து பதினாலு பேர். ரயிலின் சின்ன ஓ முதல் ஆளாக இருந்தார். எல்லோரும் கையை மடித்துவிட்டிருந்தார்கள். அண்ணிக்கு ஹீமோகுளோபின் ஏழரை என்று இவர் கேள்விப்பட்டிருந்தார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "நீங்க ரத்தம் கொடுங்க, ரொம்ப நல்லது. கீழே பேங்க்ல எடுத்துப்பாங்க, யாருக்காவது ஆகும். ஆனா இவங்களுக்கு நாங்க ஏத்த மாட்டோம்."

"ஏழரை இருக்குதும்மா."

"ஏழரையோட சமாளிப்போம். உசிருக்கு ஆபத்துன்னா மட்டும் வடிகட்டினது கொடுப்போம். ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் இவங்க உடம்பு இன்னும் உஷார் ஆகுது. அப்புறம் நுரையீரல் வந்தாலும் சேராது. புரியுதா?"

அவருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா போன பிறகு என் பக்கம் திரும்பினார். "ரத்தம் வேணாம்னு சொல்ற ஆஸ்பத்திரி எங்கனா உண்டா? நீயே சொல்லு." பதினாலு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான்தான் தடுத்து வைத்திருக்கிற மாதிரி. எனக்கு அழுகை வரும் போல இருந்தது, அதனால் எரிந்து விழுந்தேன். "அண்ணா, உங்களால ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒண்ணும் பண்ணாம இருக்க முடியாதா?" அவர் லிப்டை நோக்கி நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார்.

அண்ணியின் ரிப்போர்ட்டைத் தயார் செய்தவள் நான்தான். பத்து நுரையீரல் வந்தால் எட்டை அண்ணியின் உடம்பு உதறும் என்று வந்தது. இரண்டு அடையாளங்களுக்கு எதிராகத்தான் எதிர்ப்பு ஆகப் பலமாக இருந்தது. இரண்டும் எங்கள் பக்கத்து ஜனங்களில் நிறையப் பேரிடம் இருப்பவை. அந்த எதிர்ப்பைக் கழுவிக் குறைக்கிற சிகிச்சையும் செய்தார்கள். கொஞ்சம் இறங்கியது, நாலு நாளில் மறுபடி ஏறிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவர் புதிதாக ஒரு பிடிவாதத்தில் இறங்கினார். "மனுசனுக்கு ரெண்டு இருக்குது. என்னுதுல ஒண்ண எடுத்துக்கோங்க. ஒண்ணு வச்சினு நான் ஓட்டிடுவேன்." அப்படியெல்லாம் இங்கே செய்வதில்லை என்று டாக்டரம்மா பத்து தடவை சொன்னார். இவர் பதினோராவது தடவையும் போய் நின்றார். கடைசியில் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "இவர் சாம்பிளையும் போட்டுப் பாரு. அந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்ததுன்னாவது தெரியும்" என்றார். அண்ணா என்னமோ பரிசு விழுந்த மாதிரி கையை நீட்டினார்.

அந்த இரண்டு அடையாளங்களும் அவருடையவை.

ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு லேபில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் உடம்பு உலகத்தில் வேறு யாரையும் விட அவரைத்தான் பலமாக எதிர்த்தது. முதல் பிரசவத்தில் அந்த அடையாளங்கள் அறிமுகமாகி, இரண்டாவதில் அவர் ரத்தத்தோடு மறுபடி வந்து, அந்தக் காய்ச்சலில் ஏறிய முதல் பாட்டிலோடு எதிர்ப்பு உக்கிரமாகியிருக்க வேண்டும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "கேட்டா பொய் சொல்லாதே. கேக்கலைன்னா நீயா சொல்லாதே" என்றார்.

முதல் நுரையீரல் வந்து, பொருந்தாது என்று போன மறுநாள் அவர் கேட்டார். காலை ரயில், ஒயிட்பீல்டு தாண்டியிருந்தது. மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போய்விட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியவர், கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏபி, நீ சுத்தி வளைக்காம சொல்லு. என்னோட ரத்தம்தானா?"

"அப்டி சொல்ல முடியாதுண்ணா. புள்ள பெத்தாலே வரும். ரெண்டு புள்ள பெத்தவங்க அண்ணி. நிறைய பேருக்கு அதுலயே வந்துடும்."

பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்.

"புள்ளயும் என்னுதுதானே" என்றார்.

நான் அவசரத்துக்குக் கொடுத்த ஆறுதல் நேராகப் போய் அவரையே குத்திவிட்டது. "அண்ணா, நீங்க தெரிஞ்சா பண்ணீங்க?" என்று என்னவோ உளறினேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டார் என்று தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவர் போனை எடுப்பதை நிறுத்தினார். அது அடித்துக்கொண்டே இருக்கும். கேஜிஎப்பில் யாருக்கோ விபத்து, பங்காருபேட்டையில் யாருக்கோ டெங்கு. அவர் திரையைப் பார்ப்பார், பைக்குள் போடுவார், நடப்பார். ஊர்க்காரர்கள் எனக்குப் போன் செய்து, "இன்னா ஆச்சு அண்ணாவுக்கு?" என்று கேட்டார்கள். சட்டைப்பையில் அந்த நோட்டு இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "நம்ம கை பட்டா ஆவாதும்மா" என்றார். நிறையப் பேரின் துக்கத்தைப் பார்க்கிற வேலை என்னுடையது. ஆனால் அந்த மனுஷன் அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைப் போல எதுவும் என்னை வதைத்ததில்லை. முன்பு எரிச்சலூட்டிய அந்த ஓயாத சத்தம் திரும்ப வராதா என்று ஏங்கினேன்.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் சாம்பிள் எடுக்கும்போது சிலேட்டில் எழுதினார். "அவருக்கு இன்னா சொன்னீங்க?" நான் மழுப்பினேன். அண்ணி அழித்துவிட்டு எழுதினார். "செத்த மாதிரி இருக்கறாரு. நான்தானே சாவப் போறேன்." எழுதிவிட்டுச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரிப்போர்ட், இரண்டு அடையாளம், முதல் பாட்டில், ரயிலில் அவர் கேட்டது. டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் திட்டியிருப்பார். அண்ணி கேட்டதால் சொன்னேன், அவ்வளவுதான். அண்ணி என் கையைத் தட்டிக் கொடுத்தார், ஏதோ நான்தான் நோயாளி என்பது போல.

அண்ணிக்கு நுரையீரல் கிடைக்கவில்லை. முப்பத்தொன்பது நாள் அந்த மெஷினில் இருந்தார். கடைசியில் தலைக்குள் ரத்தக்கசிவு. இது நடந்து சில வருஷம் ஆகிறது. அவர் இப்போது பெரிய பெண் வீட்டோடு இருக்கிறார். அந்த ரயிலில் அவரைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. சாவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு ஒன்பது நாள் முன்னால் ஒரு பகல் இருக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அன்று காலையில் இரண்டாவது தடவையாக நுரையீரல் வருவதாகத் தகவல் வந்தது. ஓ பாசிட்டிவ், அண்ணிக்கு ஏற்ற சின்ன அளவு. காகிதத்தில் பார்த்தபோது அந்த இரண்டு அடையாளங்களும் இல்லை. ஆஸ்பத்திரியே பரபரப்பானது. அண்ணியை ஆபரேஷனுக்குத் தயார் செய்தார்கள். கொடையாளியின் ரத்தத்தையும் அண்ணியின் ரத்தத்தையும் சேர்த்து வைத்து நான் சோதித்தேன். சில மணி நேரம் பிடிக்கும். லேப் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் அண்ணாவின் முகம் வரும், போகும், வரும். நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலையைச் செய்தேன்.

பொருந்தவில்லை. அந்த இரண்டைத் தவிர வேறோர் அடையாளத்துக்கும் அண்ணியின் உடம்பு இதற்குள் எதிர்ப்பை வளர்த்திருந்தது. இரண்டாவது முறையும் செய்தேன். அதேதான். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "சரி, அடுத்த ஆளைத் தயார் பண்ணச் சொல்றேன்" என்றார்.

அடுத்த ஆள் அண்ணிக்குப் பக்கத்து பெட்டில் இருந்தவர். ராய்ச்சூர் பக்கம், சின்ன உடம்பு, அவரும் ஓ பாசிட்டிவ். அவருக்குத் துணையாக மனைவியும் மச்சினியும் மட்டும் வந்திருந்தார்கள். தமிழும் தெரியாது, பெங்களூரில் ஓர் ஆளும் தெரியாது.

நான் வெளியே வந்து அண்ணாவிடம் சொன்னேன். அவர் கேட்டார், தலையை ஆட்டினார். "யாருக்குப் போவுது?" என்றார். சொன்னேன். அவர் போய்விட்டார். எங்கே போனார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. படிக்கட்டில் தேடினேன், கேன்டீனில் தேடினேன். அரை மணி கழித்து அவரே வந்தார். வேகமாக வந்தார், பழைய நடை. அவர் பின்னால் அந்த ராய்ச்சூர்ப் பெண் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கையில் பிளட் பேங்க் கொடுத்த சீட்டு. ஆபரேஷனுக்கு ரத்தம் நிறையப் போகும், ஆறு பேர் வந்து கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

"கொரிடார்ல நின்னு அழுவுதும்மா இந்தப் பொண்ணு. யார கூப்புடுவா அவ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏபி, நீ உண்மைய சொல்லு. ஆம்பள அவரு. புள்ள பெத்தவரு இல்ல. என்னுத குடுத்தா அவருக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஆவாதுண்ணா. உங்கள்து பேங்குக்குத்தான் போவும். அவருக்கு வடிகட்டினதுதான் ஏத்துவாங்க. தைரியமா குடுங்க."

"நெஜமா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

போனை எடுத்தார். "பெரிய ஓ, எங்கப்பா இருக்கற? கண்டோன்மெண்டா? எறங்கி வா. ஏன் எதுக்குன்னு கேக்காத." அந்தப் பெண்ணைப் பார்த்து, தனக்குத் தெரிந்த கன்னடத்தில், அழாதே அம்மா, ஆள் வருகிறது என்றார். லிப்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஐந்து மாடியும் படியில் இறங்கினார்.

நான் அண்ணியிடம் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஆபரேஷனுக்காகப் போட்ட பச்சைத் தொப்பியை நர்ஸ் இன்னும் கழற்றவில்லை. பக்கத்து பெட்டைத் தள்ளிக்கொண்டு போவதை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. சிலேட்டை எடுத்தார்.

"எனக்கு வந்ததா அது?"

தலையை ஆட்டினேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்துக் கண்ணைத் திறந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"அவரு எங்க?"

அண்ணியிடம் பொய் சொல்ல முடியாது. "கீழ போயிருக்காரு அண்ணி. ரத்தம் குடுக்க. அந்த பெட்டுக்காரருக்கு."

அண்ணி என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். எனக்கே அவர் மேல் கோபம் வந்துகொண்டிருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. அண்ணி சிலேட்டைத் துடைத்தார். எழுத்து சரிந்து சரிந்து போயிற்று. எழுதி முடிக்க நேரமானது. என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல அவரு. சாப்ட்டு குடுக்க சொல்லு."

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, சீக்கிரம் போ என்று கையை ஆட்டினார்.